ஒரு படகு, ரெண்டு பேர், அஞ்சு மீன்... அமெரிக்க ஏரியில் ஓர் இலையுதிர்காலத் தூண்டில் போட்டி!

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. காலை 6 மணி. இன்னும் முழுசாக விடியவில்லை.

இடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் கன்டர்ஸ்வில் ஏரி. தண்ணீருக்கு மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி பனிமூட்டம். கரையில் பிக்கப் டிரக்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் டிரெய்லரில் ஒரு படகு. கையில் காபி, தலையில் டார்ச் விளக்கு, ஜாக்கெட்டுக்குள் குளிர். ஒவ்வொரு படகிலும் சரியாக இரண்டு பேர்.

அதில் ஒரு படகில் நீங்களும் உங்கள் நெருங்கிய நண்பரும் இருப்பதாக ஒரு நிமிடம் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் படகின் நம்பரைக் கூப்பிடுவார்கள். அடுத்த எட்டு மணி நேரம், அந்த இருபதடிப் படகுதான் உங்கள் உலகம். எங்கே போவது, எதை வீசுவது, எப்போது கிளம்புவது எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ண வேண்டும். கடைசியில் தராசில் ஏறப்போவது ஐந்தே ஐந்து மீன்கள்.

'மீன் பிடிக்கிறதுல என்னய்யா போட்டி?' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட வார இறுதிகளில் நடக்கும் இந்த 'டீம் பாஸ் டோர்னமென்ட்' என்பது என்ன, இலையுதிர்காலத்தில் அது ஏன் அவ்வளவு சிக்கலாகிறது, இரண்டு பேரின் நட்பை அது எப்படிச் சோதித்துப் பார்க்கிறது... வாங்க பார்க்கலாம்.

முதலில், பாஸ்னா யாரு பாஸ்?

ஆபீஸ் பாஸ் இல்லை. இது மீன். முழுப்பெயர் 'லார்ஜ்மவுத் பாஸ்'. பெயருக்கு ஏற்ற மாதிரி வாய் ரொம்பப் பெரிசு. பச்சை நிற முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு. வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும் இந்த மீன் 'சன்ஃபிஷ்' குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்று ஹோட்டல் மெனுவில் பார்த்திருப்பீர்களே, நம் ஊர் கொடுவா... அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குணத்தைக் கேட்டால், நம் ஊர் விரால் மீனுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். துரத்தித் துரத்தி வேட்டையாடுவதைவிட, செடிக்குள்ளேயோ மரக்கட்டைக்குப் பக்கத்திலேயோ பதுங்கியிருந்து, இரை கிட்டே வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்குவதுதான் பாஸுக்குப் பிடித்த வழி.

சராசரியாக ஒன்றிலிருந்து மூன்று பவுண்டு எடையில் நிறையக் கிடைக்கும். ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ வந்தால் செல்ஃபி கட்டாயம். உலக சாதனை எவ்வளவு தெரியுமா? 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்... அதாவது, 10 கிலோவுக்கு மேல்! 77 வருடங்கள் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன்தான் அந்தச் சாதனையைச் சமன் செய்தது.

ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் போட்ட விதை

இந்தப் போட்டிகளுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் ரே ஸ்காட். அலபாமாவைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் விற்பனையாளர். 1967 ஜூன் மாதம், ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து ஒரு பாஸ் போட்டி நடத்தினார். அடுத்த வருடமே 'பாஸ் ஆங்லர்ஸ் ஸ்போர்ட்ஸ்மேன் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1971-ல் லேக் மீட் ஏரியில் நடந்த முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டியின் பரிசு 10,000 டாலர்.

தூண்டில் போட்டி என்றாலே தில்லுமுல்லு என்று பேர் வாங்கியிருந்த காலம் அது. அதனால் அந்தப் பெரிய போட்டிகளில் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே படகில் ஏற்றிவிடுவார்கள். ஒருவர் தப்பு செய்தால் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீம் போட்டியில் இந்தக் கதையே தலைகீழ். படகில் இருக்கும் இரண்டு பேரும் ஒரே கட்சி. அப்பா - மகன், கணவன் - மனைவி, அண்ணன் - தம்பி, ஒன்றாகப் படித்த நண்பர்கள் என்று ஜோடி சேர்ந்து வருவார்கள். வேவு பார்க்க மூன்றாவது கண் இல்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள்... அதுதான் பிரச்னை!

போட்டிக்குப் போட்டி விதிகள் கொஞ்சம் மாறும். பெரும்பாலான இடங்களில் இதுதான் அடிப்படை:

* ஒரு டீமுக்கு ஐந்து மீன். ஆளுக்கு ஐந்து கிடையாது, இரண்டு பேருக்கும் சேர்த்தே ஐந்து. மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர்கள் ஜெயித்தார்கள்.
* மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் உண்டு. கன்டர்ஸ்வில் ஏரியில் லார்ஜ்மவுத் பாஸுக்கு 15 இன்ச். அரை இன்ச் குறைந்தாலும் தண்ணீரில் விட்டுவிட வேண்டியதுதான்.
* உயிருள்ள இரை கூடாது. பிளாஸ்டிக், ரப்பர், உலோகத்தில் செய்த செயற்கை இரைகள், அதாவது 'லூர்'கள் மட்டும்தான்.
* பிடித்த மீனைப் படகிலேயே இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். 'லைவ்வெல்' என்று பெயர். மீன் செத்துப்போனால் எடையில் கழிப்பார்கள்.
* சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வந்தாக வேண்டும். பல போட்டிகளில் ஒரு நிமிடத் தாமதத்துக்கு ஒரு பவுண்டு வெட்டு. ரொம்ப லேட்டானால் மொத்தமும் போச்சு.

ஐந்து மீன் கிடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்ததா? இல்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது! ஆறாவதாக ஒரு பெரிய மீன் கிடைத்தால், தொட்டியில் இருப்பதிலேயே சின்ன மீனை எடுத்து ஏரியில் விட்டுவிட்டு இதை உள்ளே போடலாம். 'கல்லிங்' என்பார்கள். எந்த மீன் சின்னது என்று தடுமாறாமல் இருக்க, ஒவ்வொரு மீனிலும் ஒரு கலர் அடையாளத்தை மாட்டி வைப்பார்கள். இரண்டு மீன்களுக்கு நடுவில் சந்தேகம் வந்தால், சின்னத் தராசுக் கம்பியில் இரண்டையும் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தொட்டியில் தலா 2 பவுண்டில் ஐந்து மீன்கள். மொத்தம் 10. இன்னொரு இரண்டேகால் பவுண்டு மீன் பிடித்தால் உங்களுக்கு லாபம் கால் பவுண்டு. அதுவே ஒரு 5 பவுண்டு மீன் மாட்டினால் லாபம் 3 பவுண்டு! அதனால், ஐந்து மீன் சேரும் வரைக்கும் எண்ணிக்கை முக்கியம். சேர்ந்த பிறகு சைஸ்தான் முக்கியம். மீன் நிறைய கடிக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒன்றுகூடக் கடிக்காமல் போகக்கூடிய இடத்துக்குக் கிளம்பும் தைரியம் அப்போது வேண்டும். ஒருவருக்கு அந்தத் தைரியம் வந்து, இன்னொருவருக்கு வராவிட்டால்? அதுதான் டீம் போட்டி.

முன் சீட்டு யாருக்கு?

பாஸ் படகின் மூக்குப் பகுதியில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டார் இருக்கும். சத்தமில்லாமல் மெதுவாகப் படகை நகர்த்த அதுதான் வசதி. அதைக் காலால் மிதித்து ஓட்டுபவர்தான் முன்னால் நிற்பார். படகு எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம், எந்தச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிறது எல்லாம் அவர் காலில். கரையோரத்து நல்ல இடங்களில் முதல் வீச்சும் அவருக்குத்தான்.

பின்னால் நிற்பவருக்கு? ஏற்கெனவே ஒரு லூர் விழுந்து எழுந்த தண்ணீர்தான் மிச்சம்.

முன்னால் இருப்பவர் படகைத் தனக்கு மட்டும் தோதாகத் திருப்பிக்கொண்டே போனால், பின்னால் இருப்பவர் நாள் முழுக்க நடு ஏரியைப் பார்த்து வீச வேண்டியதுதான். பல ஜோடிகள் பிரிவதற்கு இந்தச் சின்ன விஷயம் போதும்.

ஆனால், கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரியும். மீன் யார் தூண்டிலில் மாட்டினால் என்ன? தொட்டி ஒன்றுதான். தராசில் வைக்கும்போது 'இது முன்னால் நின்றவர் பிடித்தது, அது பின்னால் நின்றவர் பிடித்தது' என்று யாரும் எழுதுவதில்லை. ஐந்து மீன்கள், ஒரு பை, ஒரு எடை. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்ட ஜோடிகள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. முன்னால் இருப்பவர் வேகமாக இழுக்கும் லூரை வீசுவார். ஸ்பின்னர்பெய்ட், கிராங்க்பெய்ட் மாதிரி, நிறைய தண்ணீரைச் சீக்கிரம் அலசிப் பார்க்கும் வகை. பின்னால் இருப்பவர் அதே இடத்தில் ரப்பர் புழுவை அடியில் போட்டு மெதுவாக நகர்த்துவார். வேகமானதைத் துரத்த சோம்பல்பட்ட மீன், மெதுவானதைக் கவ்வும். அரை மணி நேரத்தில் 'இன்னிக்கு மீனுக்கு எது பிடிக்குது'ன்னு இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். தனி ஆளாக இருந்தால் இந்தப் பதில் கிடைக்க ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகும்.

பெரிய மீன் மாட்டும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளி, வாயைத் திறந்து தலையை உதறும். அந்த உதறலில் முள் கழன்றுவிடலாம். சரியான நேரத்தில் பக்கத்தில் கைவலையோடு நிற்கும் ஆள், மீனைப் பிடித்தவருக்குச் சமம். 'என் தூண்டிலை வீசிட்டு வர்றேன், இரு' என்று சொல்லும் பார்ட்னரோடு அடுத்த வருடம் யாரும் வர மாட்டார்கள்!

இலையுதிர்காலத்தில் மீன் வீடு மாறும்

சரி, ஏன் இலையுதிர்காலம்? அந்தக் காலத்தில்தான் மீன் பிடிப்பது சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது நிறைய பாஸ்கள் ஆழத்திலோ அடர்ந்த செடி நிழலிலோ ஒதுங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் இரவுகள் நீண்டு, தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் 'ஷாட்' என்ற சின்ன வெள்ளி மீன்கள் கூட்டம் கூட்டமாக, ஏரியில் கலக்கும் ஓடைகளின் உள்பகுதிக்கு நகரும். இந்த ஷாட்தான் பாஸுக்குச் சாப்பாடு. சாப்பாடு எங்கே போகிறதோ, பாஸும் பின்னாலேயே போகும். குளிர்காலத்துக்கு முன்னால் வயிறாரச் சாப்பிடவும் செய்யும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரை அளவுக்கு அதிகமாக இருக்கும். ஆயிரக்கணக்கான நிஜ ஷாட் மீன்களுக்கு நடுவில் உங்கள் பிளாஸ்டிக் மீனை எதற்காகக் கடிக்க வேண்டும்? அதோடு, இரைக் கூட்டம் நின்ற இடத்தில் நிற்காது. வெள்ளிக்கிழமை மாலை பயிற்சியின்போது ஓர் ஓடையில் தண்ணீர் கொதிப்பது மாதிரி மீன்கள் துள்ளியிருக்கும். சனிக்கிழமை காலை அதே இடம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி காலியாக இருக்கும்.

ஆழமான ஏரிகளில் இன்னொரு விஷயமும் நடக்கும். கோடையில் சூடான தண்ணீர் மேலேயும், கனமான குளிர்ந்த தண்ணீர் கீழேயும் இரண்டு அடுக்காக நிற்கும். கீழ் அடுக்கில் ஆக்ஸிஜன் குறைவு. இலையுதிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, காற்றும் சேர்ந்து கலக்க, இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடும். இதை 'டர்ன்ஓவர்' என்கிறார்கள். சில நாட்களுக்குத் தண்ணீர் கலங்கி, ஒருவித வாடை வீசும். மீன்கள் சிதறிவிடும். நேற்றுவரை வேலை செய்த திட்டம் எல்லாம் குப்பைக்கு.

அதனால் இலையுதிர்காலப் போட்டியின் முதல் பாடம் இது: நேற்று மீன் இருந்த இடத்தின் மேல் பாசம் வைக்காதே.

2011... கன்டர்ஸ்வில்லைக் கலக்கிய கம்பி

கன்டர்ஸ்வில் ஒன்றும் சாதாரண ஏரி இல்லை. டென்னஸி ஆற்றின் குறுக்கே 1939-ல் கட்டி முடித்த அணையால் உருவானது. சுமார் 69,000 ஏக்கர், நீளம் 120 கிலோமீட்டர். அலபாமாவிலேயே பெரிய ஏரி. 2014, 2020 ஆண்டுகளில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் நடந்ததும் இங்கேதான்.

2011 அக்டோபரில் இங்கே ஒரு பெரிய தொழில்முறைப் போட்டி நடந்தது. அதில் பால் எலியாஸ் என்ற அனுபவசாலி ஒரு விநோதமான பொருளை வீசினார். குடைக் கம்பி மாதிரி விரிந்த ஐந்து கம்பிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் மீன். தண்ணீருக்குள் இழுத்தால் ஒரு குட்டி ஷாட் கூட்டமே நீந்திப் போகிற மாதிரி இருக்கும். 'அலபாமா ரிக்' என்று பெயர். நான்கு நாட்களில் 102 பவுண்டுக்கு மேல் பிடித்து அவர் ஜெயித்தார்.

இலையுதிர்காலத்துப் பாஸ் தேடுவது தனி மீனை அல்ல, கூட்டத்தை என்ற விஷயத்தை அந்தக் கம்பி அப்பட்டமாகக் காட்டிவிட்டது. கடைகளில் அதற்கு அடிதடி. 'இது விளையாட்டா, இல்ல வலை போடுறதா?' என்று சண்டையும் கிளம்பியது. அடுத்த ஆண்டே பாஸ்மாஸ்டரின் உயர்மட்டப் போட்டிகளில் அதற்குத் தடை விழுந்தது.

இன்று அதே சண்டை வேறு பொருளுக்கு நடக்கிறது. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் மீன் நகர்வதை ஸ்கிரீனில் லைவாகக் காட்டும் சோனார் கருவிகள் வந்துவிட்டன. வீடியோ கேம் ஆடுவது மாதிரி ஸ்கிரீனைப் பார்த்தே மீனின் மூக்குக்கு முன்னால் லூரை இறக்கலாம். 'திறமைக்கு இனி என்ன மதிப்பு?' என்று ஒரு கோஷ்டி. 'இதைக் கத்துக்கிறதும் திறமைதானே?' என்று இளைஞர் கோஷ்டி.

தவளை வெடிக்கும் நேரம்

ஆனால், எந்த ஸ்கிரீனும் தேவைப்படாத ஒரு விளையாட்டும் கன்டர்ஸ்வில்லில் உண்டு. விரால் பிடிக்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு இது அத்துப்படி.

ஏரியின் மேலோட்டமான பகுதிகளில் நீர்ச்செடிகள் வளர்ந்து, இலையுதிர்காலத்தில் மேலே பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். அதற்கு அடியில் பாஸ். அந்தப் பாய் மேல் உள்ளே காலியான ரப்பர் தவளையை வீசி, தத்தித் தத்தி இழுப்பார்கள். தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி இருப்பதால் செடியில் சிக்காது. நம் ஊர்க் குளங்களில் விராலுக்கு வீசுவதும் இதே வகைத் தவளைதான்.

எந்தப் பாய்க்கு அடியில் மீன் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மோட்டாரை அணைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். செடிக்குள்ளிருந்து 'டப்... டப்...' என்று சின்னச் சின்னச் சத்தம் வந்தால், புளூகில் எனும் குட்டி மீன்கள் பூச்சி தின்கின்றன என்று அர்த்தம். குட்டி மீன் இருந்தால், அதைத் தின்னும் பெரிய மீனும் பக்கத்தில் இருக்கும்.

பாஸ் அடிக்கும்போது செடியே வெடித்த மாதிரி தண்ணீர் தெறிக்கும். பதறிப்போய் உடனே இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். ஒரு நொடி பொறுத்து, கம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகுதான் சுண்ட வேண்டும். சொல்வது சுலபம். அந்த ஒரு நொடியில் பல ஆயிரம் டாலர்கள் கைநழுவிப்போன கதை பல படகுகளில் உண்டு.

'மச்சான், கிளம்பலாமா?'

மணி 11. உங்கள் தொட்டியில் நான்கு மீன்கள், எல்லாம் பொடிசு. கடைசி ஒரு மணி நேரமாக ஒரு கடிகூட இல்லை. நண்பர் கேட்கிறார்: "மச்சான், இங்க மீன் இல்ல. கிளம்பலாமா?"

உங்களுக்கோ இந்த இடத்தின் மேல் நம்பிக்கை. போன வருடம் இங்கேதான் ஜெயித்தீர்கள். அவர் சொல்லும் ஓடைக்குப் போக அரை மணி நேரம். வர அரை மணி நேரம். ஒரு மணி நேரத்தைப் பயணத்திலேயே எரிக்கணுமா?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் யாருக்கும் தெரியாது. அதுதான் இதன் அழகு. போய், அங்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால், 'நான் அப்பவே சொன்னேன்ல?' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லாமல் விழுங்குவதுதான் டீம் போட்டியில் பெரிய திறமை. ஏனென்றால், சொல்லிவிட்டால் அடுத்த முறை நண்பர் வாயே திறக்க மாட்டார். அவருக்கு ஒரு யோசனை வந்தாலும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அன்றிலிருந்து படகில் ஒரு மூளைதான் வேலை செய்யும். ரெண்டு பேர் போனதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

அனுபவமுள்ள ஜோடிகள் இதற்கு முதல் நாள் இரவே ஒரு வழி வைத்துக்கொள்கிறார்கள். 'ஒரு இடத்துல இவ்வளவு நேரம் கடி இல்லைன்னா, கேள்வி கேட்காம கிளம்பறோம்' என்று. கோபமும் பசியும் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு, கோபமும் பசியும் இருக்கும் நேரத்தில் காப்பாற்றும்.

கடைசி ஓட்டம்

மதியம் 3 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும் என்றால், 2.15-க்கே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். 'இன்னும் ஒரே ஒரு வீச்சு' என்ற ஆசைக்கு அளவே இல்லை. அதற்குப் பிறகு முழு வேகம். இந்தப் படகுகள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். திரும்பும் வழியில் எதிர்க்காற்று, அலை, மிதக்கும் கட்டை என்று எதுவும் வரலாம்.

அதனால்தான் ஓட்டுபவரின் உடம்போடு ஒரு கயிறு இணைத்திருக்கும். அவர் தண்ணீருக்குள் தூக்கி வீசப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைவான படகுகள் வேகமெடுக்கும்போது இதை மாட்டியிருப்பது அமெரிக்காவில் சட்டப்படியே கட்டாயம். ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து, விழுந்தவர் மேலேயே ஏறிய விபத்துகள்தான் காரணம்.

தராசு பொய் சொல்லாது... மனுஷன்?

கரையில் எடை போடும் மேடை. குடும்பம், குழந்தைகள், ஒரு மைக். மீன்கள் தண்ணீர் நிறைந்த பையில் வரும். ஒவ்வொரு டீமின் எடையையும் சத்தமாக அறிவிப்பார்கள்.

இப்போது, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். படகில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே கட்சி. ஏரியில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

2022 செப்டம்பர் 30. ஒஹையோ மாநிலம், கிளீவ்லேண்ட். ஈரி ஏரியில் 'வால்ஐ' என்ற மீனுக்கான டீம் போட்டியின் இறுதிச் சுற்று. மீன் வேறுதான், ஆனால் அமைப்பு இதே மாதிரி: இரண்டு பேர், ஐந்து மீன். ஒரு டீமின் மீன்களைப் பார்த்தால் 20 பவுண்டுதான் இருக்கும் போலிருந்தது. தராசோ கிட்டத்தட்ட 34 காட்டியது. சந்தேகப்பட்ட நடத்துநர் எல்லார் முன்னாலும் மீனின் வயிற்றைக் கிழித்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகள்!

அந்த வீடியோ உலகம் முழுக்க வைரலானது. சுற்றி நின்றவர்களின் கோபத்தைப் பார்த்தால் நமக்கே பதறும். அவர்கள் கோபப்பட்டது பரிசுப்பணம் சுமார் 28,000 டாலருக்காக மட்டும் இல்லை. 'இதுக்கு முன்னாடி இவங்ககிட்ட நாம தோத்ததெல்லாம் நிஜமாவே தோத்ததா?' என்ற கேள்விக்காகவும்தான். 2023-ல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, மீன்பிடி லைசென்ஸ் மூன்று வருடம் ரத்து, படகும் பறிபோனது.

பல போட்டிகளில் ஜெயித்தவர்களை உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைக்கிறார்கள். ஆனாலும், நூற்றுக்கணக்கான படகுகளை எந்தக் கருவியாலும் நாள் முழுக்கக் கண்காணிக்க முடியாது. ஏரிக்கு நடுவில், யாரும் பார்க்காதபோது, 14.9 இன்ச் நீளமுள்ள மீனை 'விட்டுடலாம் மச்சான்' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்டுகிறாரே... இந்த விளையாட்டு நின்றுகொண்டிருப்பது அந்தத் தலையாட்டலில்தான்.

திரும்பவும் தண்ணீருக்கு

எடை போட்ட மீன்களை என்ன செய்வார்கள்? குழம்பு வைப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். 1972-ல் ரே ஸ்காட் தொடங்கிய 'பிடித்த மீனைக் கொல்லாதே' பிரசாரத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

விட்டுவிட்டால் எல்லா மீனும் பிழைத்துவிடுமா? இல்லை. தொட்டியில் அடைபட்ட அழுத்தம், எடை மேடையில் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரம், ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்ததால் உப்பிய காற்றுப்பை என்று பல காரணங்களால் சில மீன்கள் பிறகு செத்துப்போகும். கோடையில் இது அதிகம். இலையுதிர்காலத்தில் குறைவு. குளிர்ந்த தண்ணீர் ஆக்ஸிஜனைக் கூடுதலாகத் தாங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எல்லா மீனையும் ஒரே கரையில் விட்டால் அங்கேயே தேங்கிவிடும். அதனால் பெரிய போட்டிகளில் தனிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தூரத்தில் பிரித்து விடுகிறார்கள்.

இன்று இந்த விளையாட்டு அமெரிக்கப் பள்ளிகளிலும் உண்டு. இல்லினாய் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2009-லேயே பாஸ் போட்டிக்கு மாநில சாம்பியன்ஷிப் நடத்தியது. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் டீமாக மோதும் தொடர்களும் உண்டு. அந்த வயதில் ஒரு படகில் எட்டு மணி நேரம் நண்பனோடு உட்கார்ந்து, ஒத்துப்போகவும் விட்டுக்கொடுக்கவும் கற்றுக்கொள்வதற்கு எந்த கிளாஸ்ரூமும் ஈடாகாது.

நீங்கள் கற்பனையில் போன படகுக்கு இப்போது திரும்பலாம். மாலை வெயில். உங்கள் டீமுக்கு எட்டாவது இடம். முதல் ஐந்து இடத்துக்குத்தான் பணம். கையில் ஒன்றும் இல்லை. நண்பர் பையிலிருந்து கடைசி மீனை எடுத்துத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடிக்கிறார். அது ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது. செவுள் திறந்து மூடுகிறது. பிறகு வாலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, பச்சைத் தண்ணீருக்குள் மறைந்துவிடுகிறது.

"அது யாரு பிடிச்சது, நீயா நானா?" என்று நண்பர் கேட்கிறார்.

ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. அப்படியென்றால், அடுத்த சனிக்கிழமையும் நீங்கள் இருவரும் சேர்ந்தே வரலாம்!